வராதவருக்கு ஒரு இலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு, மாசி மாதம். சேலத்தில் ஓர் இயந்திரப் பட்டறையின் வரைபடப் பிரிவில் நான் அப்ரண்டிஸாகச் சேர்ந்த புதிதில் நடந்தது இது.

எனக்கு ஊர் கெங்கவல்லிப் பக்கம். அப்பாவுக்கு மரவள்ளி விவசாயம். நான் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ, கோயம்புத்தூரில். கோயம்புத்தூரில் மூன்று வருஷம் இருந்தவளுக்குச் சேலம் என்ன பெரிய ஊரா என்று கேட்பீர்கள். அந்த மூன்று வருஷத்தில் நான் பார்த்த கோயம்புத்தூர், விடுதிக்கும் வகுப்புக்கும் நடுவே இருந்த புங்க மரங்கள் மட்டும்தான். மணி அடித்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டும், சாப்பாடு வரும். காசு கொடுத்து, தனியாக, ஓர் ஓட்டலுக்குள் போய் உட்கார்ந்து சாப்பிடும் வேலையை எனக்கு யாரும் வைத்ததில்லை. எந்தப் பாடத்திலும் அது இல்லை.

ஊரிலிருந்து பஸ் ஏற்றிவிட வந்த அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார். "சாப்பாட்டுக்கு ஒழுங்கா வழி இருந்தா இரு. இல்லன்னா பெட்டிய எடுத்துக்கிட்டு வந்துடு. வயித்தக் காயப்போட்டு யாரும் உத்தியோகம் பாக்க வேணாம்."

கேட்பதற்குப் பாசமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஆத்தூரில் ஒரு மாப்பிள்ளை வீடு இருந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, வேலையெல்லாம் எதற்கு என்று கேட்ட வீடு. அப்பா அவர்களிடம் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நான் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால் அடுத்த முகூர்த்தத்துக்கு ஆகட்டும் என்று சொல்லிவிடுவார். ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால் பட்டறையில் நிரந்தரம் செய்வார்கள். ஆக, நான் சேலத்தில் நிலைப்பதும் நிலைக்காததும் என் கைத்திறமையைப் பொறுத்தது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அது சாப்பாட்டைப் பொறுத்தது என்று வந்த பிறகுதான் தெரிந்தது.

தங்க இடம் கிடைத்தது ஒரு நெசவுக்காரர் வீட்டில். முன்கட்டில் இரண்டு தறி, பின்கட்டில் எனக்கு ஓர் அறை. சாவியைக் கொடுக்கும்போதே அந்த வீட்டு அம்மா சொல்லிவிட்டார்: "ஸ்டவ்வு மட்டும் கூடாதும்மா. வீடு பூரா நூலு, தறியில கோத்த பாவு. ஒரு பொறி பறந்தா போதும், எங்க பொழப்பு போயிரும். புகை பட்டாக்கூட பட்டு நிறம் மாறிப்போவும்."

உங்களோடு சாப்பிடுகிறேன், மாதம் இவ்வளவு தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். "நாங்க எப்ப சாப்புடுவோம்னு எங்களுக்கே தெரியாது. பாவு ஓடுனா ஓடிக்கிட்டே இருப்போம். சில நாளு மத்தியானச் சோறே விளக்கு வெச்சப்புறம்தான். நீ ஆபீசு போற புள்ள, உனக்கு ஒத்துவராது."

நியாயம்தான். அதனால் ஓட்டல்.

எந்தக் காரியத்தையும் வரிசை போட்டுப் பார்ப்பது என் பழக்கம். பட்டறைக்கும் அறைக்கும் நடுவே இருந்த ஓட்டல்களை வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டு நடந்தேன். நான் பார்த்தவை இவை: உள்ளே ஒரு பெண்ணாவது தெரிகிறாளா, விலைப் பலகை வாசலிலேயே இருக்கிறதா, அல்லது உள்ளே போய்த்தான் படிக்க வேண்டுமா, கை கழுவும் இடம் எங்கே. கடைசி விஷயம் ஆண்களுக்குப் புரியாது. கை கழுவும் தொட்டி பெரும்பாலும் கடைசியில் இருக்கும். சாப்பிட்ட கையோடு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அத்தனை ஆண்களையும் தாண்டி நடக்க வேண்டும். அத்தனை பேரும் வாயில் சோற்றோடு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஒரே ஓர் ஓட்டல்தான் ஓரளவு தேறியது. முன்னால் பெரிய கூடம், மின்விசிறிகள். கூடத்தில் இரண்டு வகைச் சாப்பாடு: ஒருமுறை மட்டும் போடும் அளவுச் சாப்பாடு, கேட்கக் கேட்கப் போடும் முழுச் சாப்பாடு. பின்னால், சமையல்கட்டை ஒட்டி, மரத் தடுப்பும் திரையும் போட்ட ஒரு 'பேமிலி ரூம்'. அதற்குள்ளேயே ஒரு குழாய். ஆனால் அந்த அறையில் முழுச் சாப்பாடு மட்டும்தான். என்னைப் போன்றவளுக்கு அளவுச் சாப்பாடே மிச்சமாகும். ஆனாலும் அந்தத் திரைக்காக முழுச் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க வேண்டும். மதியம் அங்கே சாப்பிட்டால் இரவுக்கு இரண்டு வாழைப்பழம்தான், என் உதவித்தொகை அவ்வளவுக்குத்தான் வரும். யோசித்துப் பார்த்துத் திரைக்கே முடிவு செய்தேன்.

முதல் நாள். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய் ஓரத்து மேசையில் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் வந்தார். நாற்பது வயது இருக்கும், தோளில் துண்டு, காதுக்குப் பின்னால் ஒரு பென்சில். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்தது. எங்கள் கிழக்குச் சீமையில் அந்தப் பேச்சு கிடையாது. எல்லாச் சொல்லுக்கும் ஒரு 'ங்க' போடுவார். மரியாதையா, கிண்டலா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"வாங்க அம்மிணி. எத்தனை பேருங்க?"

ஒருத்தி என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்து மேசையில் கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஒரு குடும்பம், அவ்வளவு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் அவரே கேட்டார்: "ஊட்டுக்காரரு வாராருங்களா?"

"வருவாருங்க" என்று என் வாய் சொன்னது.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேள்வி இருந்த பக்கமே பதிலும் சாய்ந்துவிட்டது.

அவர் சந்தோஷமாக இரண்டு இலை போட்டார். இரண்டிலும் தண்ணீர் தெளித்தார். இரண்டு தம்ளர் வைத்தார். பிறகு போய்விட்டார். சோறு வரவில்லை. கூட்டு, பொரியல் எதுவும் வரவில்லை. பக்கத்துக் குடும்பம் ரசத்துக்கு வந்துவிட்டது. எனக்கு இன்னும் இலை மட்டும்தான். அப்போதுதான் உறைத்தது. புருஷன் வராமல் பெண்சாதிக்கு எப்படிச் சோறு போடுவார்? அவர் மரியாதையாகக் காத்திருக்கிறார். இல்லாத ஒருவருக்காக நானும் அவரும் சேர்ந்து காத்திருக்கிறோம்.

இடைவேளை கரைந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்து, "நேரமாயிடுச்சு, அவர் வர மாட்டார் போல, எனக்குப் போட்டுடுங்க" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வருத்தம். எனக்குப் போட்டுவிட்டு எதிரே இருந்த வெறும் இலையைப் பார்த்தார். போட்ட இலையை எடுக்கவும் அவருக்கு மனசு வரவில்லை. அப்படியே விடவும் வரவில்லை. உள்ளே போய் ஒரு சிட்டிகை சர்க்கரை கொண்டுவந்து அதன் ஓரத்தில் வைத்தார்.

"வெறும் எலைய வெறுமனே உடக் கூடாதுங்க அம்மிணி. ஒண்ணுமில்லாட்டி ஒரு இனிப்பாச்சும் இருக்கோணும்."

அன்று பட்டறைக்குத் தாமதமாகப் போனேன். மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் வேறு ஓட்டல் தேடலாம் என்று நினைத்தேன். என் வரிசையில் வேறு ஓட்டல் எதுவும் இல்லை. அதனால் அங்கேயே போனேன், போனதும் தனியாள் என்று சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடு. ஆனால் அவர் என்னைக் கண்டதும் எதிரில் இரண்டாவது இலையைப் போட்டபடியே, "இன்னிக்காச்சும் வாராருங்களா?" என்றார். அந்தக் குரலில் இருந்த அக்கறைக்கு முன்னால் என் தீர்மானம் நிற்கவில்லை. "மில் வேலைங்க. ஷிப்டு மாறிடும்" என்றேன்.

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். பட்டறையில் ஓர் உதிரிப்பாகத்தை வரைந்தால் முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் என்று மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொய்க்கும் அதே விதிதான். எந்த மில்? நூல் மில். என்ன வேலை? மெஷின் பழுது பார்க்கிற பிட்டர். ஏன் சாப்பிட வருவதில்லை? மெஷின் நின்றுவிட்டால் விட மாட்டார்கள். பரிமாறுகிறவர் கேட்கக் கேட்க ஒவ்வொரு கோடாக இழுத்து ஒரு முழு மனிதரையே வரைந்துவிட்டேன். அந்தப் புருஷன் மேல் எனக்கே கொஞ்சம் கோபம் வந்தது, ஒரு நாள்கூடச் சாப்பிட வராமல் இருக்கிறாரே என்று.

ஒரே நல்லது, பரிமாறுகிறவர் காத்திருப்பதை விட்டுவிட்டார். "அவரு பொழப்பு அப்பிடி. நீங்க சாப்புடுங்க அம்மிணி, பசியோட நிக்காதீங்க." எனக்குச் சோறு, எதிர் இலைக்குச் சர்க்கரை. தினமும் இதே. சமையல்காரர் ஒருநாள் கரண்டியோடு எட்டிப் பார்த்து, "ஏனுங், சக்கர தீந்துபோவும் போல. மாப்ளய வரச் சொல்லுங்க" என்று சிரித்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்தவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. நான் பணம் கொடுக்கும்போது, "மில்லுக்காரரு சௌக்கியமுங்களா?" என்பார்.

இதற்கிடையில் இரவு வாழைப்பழம் தன் வேலையைக் காட்டியது. நெசவு வீட்டு அம்மா ஒருநாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, வரும்போது சரியா இருந்த ஜாக்கெட்டு இப்ப தொளதொளன்னு கெடக்குதே. உங்கப்பா பாத்தா எங்களத்தான் திட்டுவாரு."

அப்பா பார்த்தால் திட்ட மாட்டார். பெட்டியை எடு என்பார். கூடத்தில் உட்கார்ந்து அளவுச் சாப்பாடு சாப்பிட்டால் மிச்சமாகும் காசில் இரவு இட்லி சாப்பிடலாம். கணக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. திரைக்கு இந்தப் பக்கம் வர மட்டும் துணிச்சல் இல்லை. அப்பாவுக்கு எழுதும்போதெல்லாம் 'நல்ல ஓட்டல், பெண்களுக்குத் தனி அறை, வயிறாரச் சாப்பிடுகிறேன்' என்று எழுதினேன்.

அப்புறம் ஒருநாள் மதிய மணி அடித்து வெளியே வந்தால், பட்டறை வாசலில் அப்பா நிற்கிறார். தலையில் துண்டு, வேட்டியெல்லாம் செம்மண். கிழங்கு லோடு ஜவ்வரிசி ஆக்கும் சேகோ மில்லுக்கு வந்திருக்கிறது, லாரியிலேயே ஏறி வந்துவிட்டார்.

"சாப்ட்டியா?" என்றார். எங்கள் வீட்டில் நலம் விசாரிப்பது அப்படித்தான்.

"இனிமேதான்பா."

என்னை ஒரு பார்வை பார்த்தார். ஜாக்கெட்டின் கையில் அவர் கண் நின்றது. "எங்க சாப்புடற? வா, காட்டு. நானும் பாக்கறேன்."

வேறு ஓட்டலுக்கு அழைத்துப் போகலாமா என்று யோசித்தேன். 'பெண்களுக்குத் தனி அறை' என்று எழுதியிருக்கிறேன். அது வேறெங்கும் இல்லை. வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். நான் முதலில் ஓடிப்போய்ப் பரிமாறுகிறவரிடம் ரகசியமாகச் சொல்லிவிடலாம். அல்லது கூட்டம் அதிகமாக இருக்கிறது என்று திரும்பிவிடலாம். அல்லது இன்று அவருக்கு விடுமுறையாக இருக்கலாம். அடுக்கி முடிப்பதற்குள் ஓட்டல் வந்துவிட்டது.

நான் முன்னால் ஏறினேன். அப்பா படியில் நின்று செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கொளுத்தும் வெயில்; உள்ளேயிருந்து பார்க்கிறவருக்கு என் பின்னால் ஒரு வேட்டியும் துண்டும் மட்டும்தான் தெரிந்திருக்கும். பரிமாறுகிறவர் கூடத்தின் கோடியிலிருந்து அதைப் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை.

"வந்துட்டாருங்கோ!" என்று சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். "அம்மிணி ஊட்டுக்காரரு வந்துட்டாரு! ரெண்டு எலைக்கும் சோத்த எடு!"

கரண்டியோடு சமையல்காரர் வந்தார். கல்லாக்காரர் பாதி எழுந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று வாசலைப் பார்த்தார்கள். அப்பா தலைத் துண்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உள்ளே வந்தார். நரைத்த தலை, நரைத்த மீசை, செம்மண் கால்.

ஊரைவிட்டு வந்து இத்தனை சீக்கிரத்தில், எனக்கொரு வீட்டுக்காரர் இருப்பதாக ஓர் ஓட்டலே கத்துகிறது. அதைக் கேட்டபடி அப்பா நிற்கிறார். ஆத்தூர் மாப்பிள்ளை, பெட்டி, பஸ், எல்லாம் ஒரே கணத்தில் கண்முன் வந்தன. அப்பா என்னைப் பார்த்தார். "யாரைச் சொல்றாரும்மா?" என்றார், மெதுவாக.

அந்தப் பரிமாறுகிறவர் என் முகத்தைப் பார்த்தார், அப்பா முகத்தைப் பார்த்தார். ஒரு தடவை, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து அந்த ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது: நூல் மில், பிட்டர் வேலை, ஷிப்டு, எல்லாம். இத்தனை நாள் தான் யாருக்குச் சர்க்கரை வைத்தோம் என்பதும் விளங்கியிருக்கும். ஏமாந்தவர் கோபப்பட்டிருக்கலாம். நாலு பேர் முன்னால் கேட்டிருக்கலாம். அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பாவைக் கும்பிட்டார்.

"கோச்சுக்காதீங்க சாமி. காத்தால இருந்து முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த கூட்டம். ஊட்டுக்காரரு எங்க, ஊட்டுக்காரம்மா எங்கன்னு கேட்டுக் கேட்டு என்ற வாயி அதுலயே ஓடுதுங்க. அப்பான்னு சொல்ல வந்தனுங்க. அம்மிணி நெதமும் எங்கப்பா வருவாரு, எங்கப்பா வருவாருன்னு சொல்லீட்டே இருக்குமுங்க. உங்களுக்குன்னே தெனம் ஒரு எலை போட்டு வெச்சிருந்தமுங்க. என்றா, நாஞ்சொல்றது நெசந்தான?"

கடைசிக் கேள்வி சமையல்காரரைப் பார்த்து. அவர் ஒரு நொடி விழித்தார். பிறகு, "ஆமாங்க, எலை போட்டது சத்தியமுங்க. என்ற சக்கர டப்பாவக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் கரண்டியோடு உள்ளே ஓடிவிட்டார்.

பரிமாறுகிறவர் திரையை விலக்கிப் பிடித்தார். அப்பா எட்டிப் பார்த்தார். அடுப்புப் புகையும் வெக்கையும் முகத்தில் அடித்தன. "இதுக்குள்ளயா? இங்க காத்தே இல்ல. இதோ பேன் ஓடுது, இங்கயே உக்காரலாம்" என்று கூடத்து நடுவில் விசிறிக்குக் கீழே ஒரு மேசையில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். சுற்றிலும் ஆண்கள். கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அப்புறம் அவரவர் சாம்பாருக்குத் திரும்பிவிட்டார்கள்.

பரிமாறுகிறவர் இரண்டு இலை போட்டார். பழக்க தோஷம், அப்பா இலையின் ஓரத்தில் ஒரு சிட்டிகை சர்க்கரை வைத்தார். வைத்த பிறகுதான் கையை இழுத்துக்கொண்டார்.

"மொதல்ல சக்கர வெக்கறது இந்த ஊர் வழக்கமா?" என்று அப்பா கேட்டார்.

"இந்த ஓட்டல் வழக்கம்பா" என்றேன்.

சாப்பாடு வந்தது. அப்பா குனிந்தே சாப்பிட்டார். முதல் சோறு முடிந்ததும் கையை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான், "என்னப்பா?" என்றேன். அவர் என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்: "இன்னொரு தடவ கேட்டாப் போடுவாங்களா? தனியாக் காசு கேப்பாங்களா? எப்படிம்மா கேக்கறது?"

முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கிழங்கு லோடோடு சேலம் வந்து போகிறவர் அவர். எடை போடுகிற இடத்தில் அவர் சத்தம் போட்டால் மில்காரர்கள் எழுந்து வருவார்கள். அப்படிப்பட்டவர் ஓர் ஓட்டலில் இன்னொரு கரண்டி சோறு கேட்கத் தெரியாமல் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது முழுச் சாப்பாடுப்பா. எத்தனை தடவை வேணும்னாலும் கேக்கலாம். ரசத்துக்குத் தனியாச் சோறு, மோருக்குத் தனியாச் சோறு. நீங்க கேக்கவே வேணாம், இலையைப் பாத்து அவரே போடுவாரு. போதும்னாதான் கையக் காட்டணும்." திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ரசம் மூன்று தடவை வாங்கினார். மூன்றாவது தடவை, "நல்லா இருக்குங்க" என்று பரிமாறுகிறவரிடமே சொன்னார். அவர், "ஊத்தறனுங்க சாமி, கூச்சப்படாம சாப்புடுங்க" என்று இலை நிறைய ஊற்றினார்.

வெளியே வந்து பட்டறையை நோக்கி நடந்தோம். பாதி தூரம் போனதும் அப்பா கேட்டார்.

"ஏம்மா, அவரு எனக்காகவா தெனமும் எலை போட்டு வெச்சாரு?"

இல்லை என்றேன். நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை பேர் என்ற கேள்வி, வாயில் வந்த பதில், மில், பிட்டர், ஷிப்டு, சர்க்கரை, இரவு வாழைப்பழம். ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் பெட்டி எங்கே இருக்கிறது என்றுகூட யோசித்துவிட்டேன்; கட்டிலுக்கு அடியில்.

அப்பா நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார். சிரிக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"லோடு எறக்கினதும் டிரைவர் கூப்புடுவான், வாங்க சாப்டலாம்னு. பசிக்கலைப்பான்னு சொல்லிடுவேன். எத்தனையோ வருசமா இதேதான். ரெண்டு பன்னு வாங்கி லாரி மறைவுல நின்னு தின்னுட்டு வீட்டுக்கு வந்துடுவேன். உள்ள போயி எங்க உக்காரணும், என்ன கேக்கணும், ஏதாச்சும் தப்பாச் செஞ்சா சிரிப்பாங்களோன்னு..." துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் பசிக்கலன்னு சொன்னேன். நீ புருசன் வருவான்னு சொல்லியிருக்க. ரெண்டும் ஒண்ணுதான்."

பட்டறை வாசலில் விடைபெறும்போது பெட்டியைப் பற்றி அவர் பேசவில்லை. ஆத்தூரைப் பற்றியும் பேசவில்லை. "அடுத்த லோடு வரும்போது வரேன். அதே ஓட்டலு, அதே பேனுக்குக் கீழ. அதுக்குள்ள ஜாக்கெட்டு சரியா இருக்கணும்" என்று மட்டும் சொன்னார். நாலடி போய்த் திரும்பி, "டிரைவரையும் கூட்டிக்கிட்டு வரேன். அவனுக்கு ரசம் நான் கேட்டு வாங்கித் தரேன்" என்றார்.

மறுநாள் மதியம் அதே ஓட்டலுக்குப் போனேன். இந்த முறை திரைப்பக்கம் போகவில்லை. கூடத்தில், விசிறிக்குக் கீழே, நேற்று உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தேன். கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். சுற்றியிருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டதும் அவர்களும் விட்டுவிட்டார்கள்.

பரிமாறுகிறவர் இலைக்கட்டோடு வந்தார். பழக்கத்தில் ஒருமுறை வாசலைப் பார்த்தார்.

"யாரும் வரலைங்க" என்றேன். "நான் மட்டும்தான் சாப்பிட வந்தேன். அளவுச் சாப்பாடு."

அவர் நேற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் என்றும் பேசியதில்லை. "ஆகட்டுங்க அம்மிணி" என்றார். ஒரே ஓர் இலை போட்டார். தண்ணீர் தெளித்தார். உள்ளே போய் வந்தவர், என் இலையின் ஓரத்தில் ஒரு சிட்டிகை சர்க்கரை வைத்தார்.

"இத்தன நாளும் எதிர் எலைக்கே வெச்சனுங்க. சாப்புடறவங்களுக்கு வெக்கவே இல்லீங்களே."

இது நடந்து சில வருஷங்களாகின்றன. அதே பட்டறையில் நிரந்தரமாகி, என் வரைபடங்களின் ஓரத்தில் நானே கையெழுத்துப் போடுகிறேன். வேலை விஷயமாகப் பெங்களூர், மெட்ராஸ் என்று தனியாகப் போய் வருகிறேன். புது ஊரில் ஓர் ஓட்டலுக்குள் போனால் என் கண் முதலில் விலைப் பலகையைப் பார்க்கும், அடுத்ததாகக் கை கழுவும் இடத்தை, மூன்றாவதாக வாசலை. அங்கே யாராவது உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தால், அது ஒரு பெண்ணாக இருக்கலாம், செம்மண் காலோடு ஒரு பெரியவராகவும் இருக்கலாம், என் எதிரில் இருக்கும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து வைக்கிறேன். அந்த இடத்தை வெறுமனே விடக் கூடாது என்று எனக்கு ஒருவர் சர்க்கரை வைத்துக் காட்டியிருக்கிறார்.